பன்னிரண்டாவது சொல்

"நிறுத்துண்ணா!"

செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே ஓடிவந்தாள் தங்கை.

'புது வாலட் போட்டாச்சு பாப்பா' என்று அண்ணன் அனுப்பிய படத்தைப் பார்த்த நிமிஷமே ஆபீஸிலிருந்து கிளம்பிவிட்டாள். வழியெல்லாம் அழைத்தாள். எடுத்தால்தானே.

அவன் நிமிரவே இல்லை. ஒரு கண்ணில் சொட்டு மருந்து ஈரம். மேஜைமேல் விரித்த காகிதத்தைப் பார்ப்பதும், காய்த்துப்போன கட்டைவிரலால் ஒவ்வோர் எழுத்தாகப் போனில் தட்டுவதுமாக இருந்தான்.

பழைய போன் தண்ணீரில் விழுந்து செத்துவிட்டது. கப்பல் பட்டறையில் வெல்டிங் அடித்துச் சேர்த்ததெல்லாம் கிரிப்டோ என்ற இணையப் பணமாக வாலட் ஆப்பில் கிடக்கிறது. அதைப் புதுப் போனில் திரும்ப எடுக்க அந்தக் காகிதத்திலுள்ள பன்னிரண்டு சொற்கள் போதும்.

எடுப்பது அவனாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. சொற்கள் யார் கையில் சிக்குகின்றனவோ, மொத்தப் பணமும் அவர்களுக்கு.

"அது போலி ஆப்ண்ணா. அசல் மாதிரியே பூட்டுப் படம் போட்டு வெச்சிருக்கான். நீ தட்டுறது நேரா திருடன்கிட்டப் போகும்."

"பதினொண்ணு போட்டாச்சு. கடைசிச் சொல்லு கண்ணுல தெரியல. நீ வாசி, நான் தட்டுறேன்."

காகிதத்தை அவள் பக்கம் நகர்த்தினான்.

அவள் போனைப் பிடுங்கப் போனாள். சின்ன வயசில் மிட்டாயைத் தூக்கிப் பிடிப்பானே, அதேபோல் கையை உயர்த்திக்கொண்டான்.

"உனக்கெப்படித் தெரியும்? காலேஜ்ல சொல்லிக்குடுத்தாங்களா?"

கிண்டல் இல்லை, பெருமைதான். அந்தக் காலேஜுக்குப் பணம் கட்டியவன் அவன். 'தங்கச்சிக்குக் கம்ப்யூட்டர்ல எழுதுற வேலை' என்று பட்டறை முழுக்கச் சொல்லிக்கொள்பவன். என்ன எழுதுகிறாள் என்று மட்டும் கேட்டதில்லை.

அவள் மூச்சுவிடாமல் அடுக்கினாள். போன மாசம் முளைத்த ஆப். செய்தவன் பேரே இல்லை. அசல் வாலட்டின் வெப்சைட்டுக்குப் போய்த்தான் இறக்க வேண்டும்.

"நான் என்ன மாங்கா மடையனா? பாத்துட்டுத்தான் இறக்கினேன். அத்தனை பேரும் அஞ்சு ஸ்டார். இதக் கேளு."

ஆப்புக்குக் கீழே யாரோ எழுதியிருந்த விமர்சனத்தை எடுத்து எழுத்துக்கூட்டி வாசித்தான். "எங்க அண்ணன் வெல்டர். கண்ணு எரிய எரியச் சேத்த காசு. எங்க வெக்கிறதுன்னு பயந்துக்கிட்டே இருந்தோம்..."

நிறுத்தினான்.

"யாரோ நம்மள மாதிரிப் பொண்ணு. இவ எதுக்குடி பொய் சொல்லணும்?"

அவள் வாசல்வரை போனாள். திரும்பினாள். மின்விசிறியை நிறுத்தினாள். மறுபடி போட்டாள்.

அவன் காகிதத்தைக் கண்ணருகே கொண்டுபோய், பன்னிரண்டாவது சொல்லின் முதல் எழுத்தைத் தட்டினான்.

சுவரைப் பார்த்தபடி அவள் சொன்னாள்:

"'இந்த ஆப் வந்த பிறகுதான் அண்ணன் நிம்மதியாத் தூங்குறான். கண்ணுக்குச் சொட்டு மருந்து விடக்கூட மறந்துட்டுத் தூங்குறான்.'"

அண்ணன் போனில் அந்த விமர்சனத்தை மறுபடி எடுத்துப் பார்த்தான்.

அவன் வாசிக்காமல் விட்ட மிச்சம் அங்கே இருந்தது. ஓர் எழுத்து மாறவில்லை.

ஜன்னலோரத்தில் இருந்த தன் மருந்துப் புட்டியைப் பார்த்தான். பிறகு அவளை.

தட்டியதையெல்லாம் அழித்தான். போனைக் கவிழ்த்து வைத்தான்.

காகிதத்தை எடுத்து, அவள் கண்ணில் படாதபடி மடித்து, சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான்.