மடையில் வெட்டுப்பட்ட கேபிள்

வாய்க்கால் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுந்த இணையக் கேபிளின் கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக ஒட்டுகிறான் இனியவன். முடியைவிட மெல்லிய இழைகள். வெயிலில் உற்றுப் பார்த்துக் கண் எரிகிறது. மடை வெட்டப்போய்க் கேபிளை வெட்டிவிட்ட வீரையன் அவனுக்குக் குடை பிடித்து நிற்கிறார். எதிர்க்கரையில் கொள்முதல் நிலையம். நெட் வந்து கம்ப்யூட்டரில் பதிவானால்தான் அங்கே நெல் போட முடியும். குவியல்களின் பக்கத்தில் தார்ப்பாயோடு உட்கார்ந்திருப்பவர்கள் மேற்கே கறுக்கும் மேகத்தையும் இவன் கையையும் மாறி மாறிப் பார்க்கிறார்கள். கடைசி இழையும் ஒட்டிக்கொள்கிறது. அக்கரையில் "வந்துருச்சு" என்று ஒரு குரல். "இதே எடத்துல மூணாவது தடவைங்கய்யா" என்கிறான் இனியவன். "மேட்டு வயலு தம்பி. இங்க வெட்டுனாதான் தண்ணி ஏறும்." குடையை மடக்கி அவனிடம் கொடுத்துவிட்டு வீரையன் மண்வெட்டியை எடுக்கிறார். "கொஞ்சம் தள்ளியே வெட்டுறேன்." கருவிப் பெட்டியை மூடாமலே உட்கார்ந்திருக்கிறான் இனியவன்.