முழங்காலளவு தண்ணீர்

“எங்க தீவுல அணுகுண்டு வெடிச்சுப் பார்த்தது நீங்க. புல்லெல்லாம் விஷமாகி ஊரை விட்டு வந்தது நாங்களா?” என்று மணல்திட்டில் நின்று கத்தியது வெள்ளாடு.

“உங்களை இந்தத் திட்டுல குடிவெச்சது தற்காலிக ஏற்பாடுதானம்மா,” என்றது பார்வையிட வந்த அரசாங்கக் கொக்கு.

“எட்டு வருஷமாவா?”

அதற்குள் கடல் ஏறி, ஆட்டின் பக்கத்தில் நின்ற குட்டியின் கழுத்தைத் தொட்டது. கொக்கு குனிந்து தன் காலைப் பார்த்தது. ‘தண்ணீர் முழங்காலளவே. குடியிருக்க உகந்த இடம்’ என்று எழுதிக்கொண்டது.

ஆட்டுக்குச் சுர்ரென்று கோபம் ஏறியது. “யாரோட முழங்கால், ஐயா?”

“அளவெடுக்க அரசாங்கம் நியமிச்ச கால் இதுதானம்மா.”

“சரி, அந்த அரசாங்கக் காலை மடக்கிட்டு என் குட்டி பக்கத்துல உட்காருங்க. மூச்சு விட முடிஞ்சா கையெழுத்துப் போடுங்க. முடியலேன்னா இன்னைக்கே எங்களுக்கு மேட்டு நிலம் கொடுங்க!”