பாதியில் நின்ற முள்

படகு மாதிரி நீளமான ஒரு பழைய அமெரிக்கக் கார். அதில் பெட்ரோல் காட்டும் முள் என்றைக்கோ பழுதாகி, பாதியிலேயே நின்றுவிட்டது. "மனசுக்குத் தெம்பு தர்றவன் நீ ஒருத்தன்தான்டா" என்று கார்க்காரர் துரைசிங்கம் அதைத் தட்டிக்கொடுப்பார். முள்ளுக்குப் பெருமை தாங்காது.

பக்கத்தில் ஆயில் விளக்கு இருந்தது. எஞ்சினில் ஆயில் குறைந்தால் சிவப்பாக எரிவது அதன் வேலை. அன்று மலை ஏறும்போது எரிந்தது.

"அவர் முகம் சுண்டிப்போச்சு பார். அணைஞ்சுடு" என்றது முள்.

"எஞ்சின் ஆயில் இல்லாமத் தவிக்குதே அண்ணே, எப்படி அணைவேன்?"

"டேங்க் காலியானாலும் நான் பாதிதான் காட்டுறேன். எனக்கென்ன குறை?"

துரைசிங்கம் காரை நிறுத்தினார். பானட்டைத் திறக்கவில்லை. விளக்கைப் பிடுங்கிப் பள்ளத்தில் வீசிவிட்டு, மறுபடி கிளம்பினார்.

மூடுபனி இறங்கியது. பின்னால் பார்க்கும் கண்ணாடியில் ஒரு சிவப்புப் புள்ளி தெரிந்தது. ஒயர் இல்லை, பேட்டரி இல்லை. ஆனாலும் எரிந்துகொண்டே துரத்தி வந்தது. அடுத்த வளைவில் ஜன்னலோரமாகக் கூடவே வந்தது. அதற்கடுத்த வளைவில், எதிரே நடுரோட்டில் நின்றது. எஞ்சினுக்குள் இரும்போடு இரும்பு உரசிக் கதறியது.

அதைக் கேட்டுப் பதறிய முள், தான் 'காலி'க்கு இறங்கினாலாவது காரை நிறுத்துவார் என்று உயிரைக் கொடுத்து முயன்றது. உடம்பு அசையவில்லை.

துரைசிங்கம் வேர்வையைத் துடைத்துக்கொண்டு முள்ளைப் பார்த்தார்.

"நீ இருக்கே, போதும்டா" என்று ஆக்ஸிலேட்டரை மிதித்தார்.