மல்லனின் கால்

ஒன்றரை வயது கிரேட் டேன் நாய் மல்லனுக்கு முழங்காலில் அறுவைச் சிகிச்சை முடிந்ததும், கால்நடை மருத்துவர் மும்தாஜ், அதை வளர்க்கும் ரெஜினாவின் தொடையில் ஒரு பட்டையைக் கட்டிவிட்டார். நாய்கள் வலியை மறைத்துவிடும். அவற்றின் காலில் தோன்றுவதை வளர்ப்பவர் காலிலும் உணர வைக்கும் பட்டை அது.

முதல் வாரம் முழுக்க ரெஜினா சுவரைப் பிடித்துத்தான் நடந்தாள். மல்லனோ ஒன்றுமே நடக்காததுபோல வாலை ஆட்டிக்கொண்டு கிடந்தது.

"இவ்வளவு வலியையும் வச்சுக்கிட்டாடா வால ஆட்டுத?" என்று அதன் தலையை மடியில் எடுத்துக்கொண்டாள்.

கயிற்றைப் பிடித்து வாசல்வரை நடக்கவைத்தே இரண்டு மாதம் போனது. வலி அடங்கிவிட்டது. ஒருநாள் காலை காப்பி ஆற்றும்போது அவள் காலில் வேறென்னவோ துறுதுறுத்தது.

"என்னங்க, எனக்கு ஓடணும்போல இருக்கு."

பள்ளிக்கூடத்தை விட்டபின் பேருந்துக்குக்கூட ஓடாதவள் அவள். கணவன் சேவியர் சிரித்துக்கொண்டே மருத்துவருக்குப் போன் போட்டான்.

மும்தாஜ் வந்து ஸ்கேன் எடுத்துப் பார்த்தார். "அது மல்லனோட ஆசை. எலும்பு நல்லா சேர்ந்திருச்சு, ஓடவிடுங்க."

கடற்கரை மணலில் கயிற்றை அவிழ்த்ததும் மல்லன் நாலுகால் பாய்ச்சலில் பறந்தது. ரெஜினா செருப்பை உதறினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அதன் பின்னாலேயே ஓடினாள்.

பட்டையை அவள் காரிலேயே கழற்றி வைத்திருந்தாள்.