குணசுந்தரியின் பின்னூட்டங்கள்

ஆண்டு விழா மேடையில் குணசுந்தரியின் பெயரை இரண்டாம் முறை அழைத்தார்கள்.

யாரும் எழுந்திருக்கவில்லை.

எழுந்திருக்க மாட்டார்கள். அது அவருக்கு மட்டும்தான் தெரியும். குணசுந்தரிக்கான அழைப்பிதழ் அவருடைய மேசை இழுப்பறையில் பத்திரமாகக் கிடக்கிறது.

மூன்றாம் முறையும் ஆள் வராவிட்டால் பொன்னாடை அவருக்கு. காலையில் எம்.டி.யே வாய்விட்டுச் சொல்லியாயிற்று.

"அந்தம்மா வரலைன்னா நீங்களே வாங்கிக்குங்க. பிளாக் உங்களுதுதானே."

அதற்குத்தான் புதுச் சட்டை.

நகரப் பேருந்துக் கழகத்தின் மக்கள் தொடர்பு அலுவலர் அவர். கழகத்தின் வலைப்பூவை நாலு வருடமாக எழுதுகிறவர். பொன்னாடையை மடிப்புக் கலையாமல் எடுத்து நீட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இருபத்திரண்டு வருடப் பழக்கம். தன் தோளில் அது எப்படி இருக்கும் என்பதுதான் தெரியாது.

'காலச் சக்கரமும் கழகச் சக்கரமும்.'

'பயணமே பண்பாடு.'

ஒவ்வொரு கட்டுரைக்கும் இரண்டு நாள் ஆகும். பக்கத்தில் அகராதி இருக்கும்.

கீழே மக்கள் கருத்து ஒன்றே ஒன்று: "63-ம் நம்பர் பஸ் எங்கடா?"

கட்டுரைக்கு லைக் மூன்று. அதில் ஒன்று அவருடையது.

அதனால்தான் குணசுந்தரியைப் படைத்தார். ஒரு பெயர். ஒரு தாமரைப் படம். கழகத்தைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல ஒரு பயணி.

கட்டுரையை ஏற்றிவிட்டு கேண்டீனுக்குப் போவார். டீக்கு நிற்கிற நேரத்தில் அவள் பெயரில் இரண்டு வரி. எப்படித்தான் வருமோ, அந்த இரைச்சலில் வரி தானாக வந்து விழும்.

"பஸ்ஸு வரும்னு நம்புனேன். வீட்டுக்காரரு திரும்பி வருவாருன்னும் நம்புனேன். பஸ்ஸாச்சும் வந்துச்சு."

லைக் நாலாயிரம்.

தாழ்தளப் பேருந்து பற்றி அவர் எட்டுப் பக்கம் எழுதினார். அவளுக்கு ஒரு மூச்சு போதுமாக இருந்தது.

"படிய தாழ்வா வெச்சுட்டீங்க, சந்தோசம். ஸ்டாப்புல நிறுத்துனா ஏறிப் பாக்கறேன்."

புகழத்தான் வைத்தார். குத்தல் தானாகச் சேர்ந்துகொண்டது. குத்தலுக்குத்தான் கூட்டம்.

"மேல இருக்கறத விடுங்கப்பா, அக்கா என்ன சொல்லுதுன்னு பாருங்க" என்று ஜனங்கள் நேரே கீழே போனார்கள். அவருடைய கட்டுரை மாடிப்படியாயிற்று. மிதித்து இறங்குவதற்கு.

வயிறு எரிந்தது.

இல்லாத ஒருத்தியைப் பார்த்து.

ஒருநாள் பொறுக்க முடியாமல் அவளை விட்டே தன்னைப் புகழச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து, யோசித்து, அவளுக்காக எழுதினார்.

"இக்கட்டுரை ஒரு சொற்சிற்பம். வாழ்க இவர்தம் தமிழ்."

பத்தாவது நிமிடம் பதில் வந்தது.

"எவனோ அக்கா பேர்ல எழுதறான். அக்கா இப்டிப் பேசாது."

அதற்கும் ஆயிரம் லைக். லைக்குகளைப் பார்த்துத்தான் எம்.டி., ஆண்டு விழாவில் அவளுக்குப் பொன்னாடை என்றார்.

மூன்றாம் முறை அழைத்தார்கள்.

அவர் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார்.

கடைசி வரிசைக்கும் பின்னால், பிஸ்கட் தட்டுகள் அடுக்கிய மேசைப் பக்கமிருந்து ஒருத்தி நடந்து வந்தாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தபடி.

"டேய், நம்ம கேண்டீன் அக்காடா!"

குமாஸ்தாக்கள் பக்கம் விசில் பறந்தது.

எம்.டி.க்கு அவளைத் தெரியாது. அவருடைய டீ மாடிக்குப் போய்விடும். மைக்கிலேயே கேட்டார், "நீங்கதான் குணசுந்தரியா?"

"பேரு யாரோ வெச்சது சார். பேச்சு என்னுது. டீ ஆத்தறப்ப நான் சொன்னதெல்லாம் போன்ல வருதுன்னு பொண்ணு காட்டிச்சு."

அதையும் நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு எம்.டி.தான் முதலில் கைதட்டினார். அப்புறம் அரங்கமே தட்டியது.

பொன்னாடையை எடுத்து நீட்ட வேண்டியவர் இன்னும் பாதி எழுந்த நிலையில் இருந்தார்.

முழுதாக எழுந்தார். போனார். மடிப்புக் கலையாமல் நீட்டினார்.

அவள் அவரைப் பார்க்கவில்லை.

விழா முடிந்து டீ.

ஊற்றுகிறவளும் அவள்தான். பொன்னாடையை இடுப்பில் இறுக்கிச் சுற்றியிருந்தாள். அதற்குள் ஜரிகையில் டீக்கறை.

வரிசையில் ஆளுக்கு ஒரு வார்த்தை கிடைத்தது.

"சக்கர கம்மியா? நீ பேசற பேச்சுக்கு இதுவே ஜாஸ்தி."

சிரிப்பு.

"இன்னிக்கு ஓசி டீ. பொறுமையா குடி, நாக்கு வெந்துறப் போவுது."

சிரிப்பு.

அவருடைய முறை வந்தது. நாளைய கட்டுரை தயார்: 'பொன்விழா நோக்கிப் பீடுநடை.' கைப்பேசியும் கையில் தயார்.

அவள் டம்ளரை அவர் முன்னால் வைத்தாள்.

ஒன்றும் சொல்லவில்லை.

"சார், எடுத்துட்டு நகருங்க சார்" என்றார் பின்னால் நின்றவர்.

அவர் நகரவில்லை. 63-க்கு நிற்கிறவர் மாதிரி நின்றுகொண்டே இருந்தார்.