டீச்சர் சொல்லும் 'நான்'

காவல் நிலையத்தின் ஒற்றை ஜன்னல் வெயில் அவளுடைய கைகளில் விழுந்து கிடக்கிறது. காது கேளாத அந்தப் பெண்ணின் விரல்கள் பாய்கின்றன, முறுக்குகின்றன, அவள் கழுத்தையே நெரித்துக் காட்டுகின்றன. பள்ளியில் அவளுக்குப் பாடம் சொன்ன டீச்சர் அந்தக் கைகளிலிருந்து கண்ணை எடுக்காமல், வாக்குமூலம் எழுதும் போலீஸ்காரருக்காகக் குரல் கொடுக்கிறார். சைகைக்குக் குரல் கொடுப்பவர் 'அவள்' என்று சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். "நான் கதவைத் திறக்கல. உடைச்சிக்கிட்டு வந்தான். என் முடியைப் பிடிச்சு சுவத்துல மோதினான்." எதிர் பெஞ்சில் அவள் புருஷன். பேச முடியாதவள்தானே என்று இத்தனை வருஷம் தைரியமாக இருந்தவன். யார் சொல்வதை யார் பேசுகிறார்கள் என்பதே அவனுக்கு மறந்துபோகிறது. "வாயை மூடுடி," என்று பாய்ந்து டீச்சரின் வாயில் ஓங்கிக் குத்துகிறான். நாற்காலி சரிகிறது. இரண்டு காவலர்கள் அவனை இழுத்துச் சுவரோடு அழுத்துகிறார்கள். கழன்ற செருப்பு மேசைக்கடியில் சுழன்று நிற்கிறது. அவள் கைகள் பாதியில் உறைந்திருக்கின்றன. "டீச்சர், உதடு கிழிஞ்சிருக்கு," என்கிறார் எழுதுகிறவர். அறையில் யார் என்ன பேசினாலும் அவளுக்குத் தெரிந்தாக வேண்டும் என்பது டீச்சரின் பிடிவாதம்; ரத்தத்தைக்கூடத் துடைக்காமல் அதையும் சைகையில் சொல்கிறார். அவள் அந்த உதட்டையே பார்க்கிறாள். கைகள் மெல்ல எழுகின்றன. மோவாயில் ரத்தம் சொட்டச் சொட்ட டீச்சர் குரல் கொடுக்கிறார். "அன்னைக்கு எனக்கும் இதே இடத்துலதான் கிழிஞ்சுது. எழுதிக்குங்க."