ஆறு மணிக்கே பாட்டு

இதை எனக்கு முதலில் சொன்னவள் என் நடு மகள். போன ஞாயிற்றுக்கிழமை, இரண்டு பேரும் துணி மடித்துக்கொண்டிருந்தபோது. ஊர்ச் செய்தி போடும் சின்ன வாரப் பத்திரிகை ஒன்றில் அவளுக்கு விளம்பரம் வாங்கும் வேலை. அங்கே புதிதாக வந்த ஆசிரியரின் கதை இது.

அன்று காலை அவர் நாற்காலியில் உட்காருவதற்குள் போன். பேசியது பாட்டு டீச்சர்.

“உங்க ஆபீஸ்ல கடிகாரமே கிடையாதா? என் கச்சேரி ஏழு மணிக்கு. ஆறுன்னு போட்டிருக்கீங்க. போன மாசமும் இதே கூத்து.”

ஆசிரியர் பத்திரிகையைப் பிரித்தார். ‘வருகிற வாரம்’ பக்கம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு நகர மண்டபத்தில் நம் ஊர் வரலாறு, பேசுபவர் மருந்துக்கடைக்காரர். அதற்கு அடியிலேயே, அதே மண்டபத்தில், அதே ஆறு மணிக்குப் பாட்டுக் கச்சேரி.

சின்னப் பிள்ளைகூடக் கண்டுபிடித்துவிடும்.

அந்தப் பக்கத்தைத் தயார் செய்பவரை ஆபீஸில் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பிழை பார்க்கிறவர் என்று பெயர். கூப்பிட்டதும் வந்து நின்றார். தப்புதான் என்றார். எப்படி வந்தது என்று கேட்டால் மட்டும் வாயைத் திறக்கவில்லை.

“நாலு பேர் படிக்கிற பேப்பர்மா இது. இன்னொரு தடவை இப்படி வந்தா, அந்தப் பக்கத்தை வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன்.”

“சரிங்க சார்.”

அந்தப் பக்கம் போனால் அக்காவுக்கு அங்கே வேறு வேலை இல்லை. அது அக்காவுக்கும் தெரியும்.

டீச்சரிடம் நேரிலேயே மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று சனிக்கிழமை ஆசிரியர் மண்டபத்துக்குப் போனார். உள்ளே உட்கார இடமில்லை. பாட்டுக் கேட்க ஆறு மணிக்கே வந்த கூட்டம். வந்தது வந்தாயிற்று, திரும்பியா போவார்கள்?

மேடையில் மருந்துக்கடைக்காரர், கடைத்தெரு ஏன் நடுவில் வளைகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். ரோடு போட வந்தபோது ஒரு அம்மா, வீட்டை விடமாட்டேன் என்று வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டாராம். கடைசியில் ரோடுதான் அவரைச் சுற்றிப் போனதாம்.

“அப்புறமாவது அந்தம்மா எழுந்தாங்களா?” என்று பின் வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்.

“எங்க எழுந்தாங்க? நீங்க செருப்பு வாங்குற கடை அவங்க முன் ரூம்தான்.”

கூட்டம் சிரித்தது. மருந்துக்கடைக்காரர் முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது.

ஆசிரியர் மேடைக்குப் பின்னால் போனார். “மன்னிச்சுக்கோங்க டீச்சர். அந்தப் பக்கத்துக்கு வேற ஆளைப் போட்டுடறேன். இனிமே ஏழுன்னே வரும்.”

டீச்சர் பதறிப்போய், அவரைக் கதவு ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார்.

“ஐயோ, அப்படிப் பண்ணிடாதீங்க சார். மாசா மாசம் மருந்துக்கடைக்காரர் பேச்சு முடிஞ்சுதான் என் கச்சேரி. மூணு மாசம் முன்னாடி நான் சீக்கிரமா வந்துட்டேன். இவர் பேச்சைக் கேக்க ஒரு ஈ காக்கா இல்லை. காலி நாற்காலிங்களுக்கு வணக்கம் சொல்லிட்டு, ஒரு வரி விடாம பேசி முடிச்சார். எனக்கு மனசே ஆறலை. நான்தான் அக்காகிட்ட ஆறுன்னு போடச் சொன்னேன். யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியமும் வாங்கிட்டேன்.”

“அப்ப போன்ல என்னைப் பிடிச்சு அந்தத் திட்டு திட்டினது?”

“அவர் என் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தார் சார். என் கச்சேரி நேரத்தைத் தப்பாப் போட்டிருக்காங்களேன்னு, பாவம், எனக்காக வருத்தப்பட்டுக்கிட்டு வந்தார். நான் திட்டாம விட்டா சந்தேகம் வந்துடாதா?”

ஆசிரியர் உள்ளே போய், இடமில்லாததால் சுவரில் சாய்ந்து நின்று மீதிப் பேச்சைக் கேட்டார்.

அடுத்த மாதம் அந்தப் பக்கம் அவர் மேஜைக்கு வந்தது. சத்தியத்தையும் மீற முடியாமல், வேலையையும் விட முடியாமல், அக்கா கச்சேரிக்கு ஏழு என்றே போட்டிருந்தார்.

ஆசிரியர் பேனாவை எடுத்தார். ஏழு என்பதை அடித்துவிட்டு, ஆறு என்று எழுதினார்.

கடவுள் அவர்கள் மூன்று பேரையும் நன்றாக வைத்திருக்கட்டும். நீங்களும் அடுத்த முறை பாட்டுக் கேட்கப் போனால், கொஞ்சம் முன்னாடியே போய் உட்காருங்கள்.